சுவரில் இருப்பவருக்கு ஒரு பெயர் வேண்டாமா?

பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருகிறவர்கள் வாய் பிளந்து பார்ப்பது அந்தக் கறுப்புத் தரையைத்தான். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு என்று வழிகாட்டிகள் பட்டியல் போடுவார்கள். உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் சுவரோவியங்கள் வேறு! பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்டால் மார்த்தாண்ட வர்மாவின் பெயரைச் சொல்வார்கள். தரை போட்ட கொத்தனார் யார், மரம் செதுக்கிய ஆசாரி யார்... தெரியாது. இன்று தினமும் அந்தத் தரையைத் துடைப்பவரின் பெயரும் தெரியாது.

அரசாங்கத்துக்கு வேலை செய்தவர்களைக் கௌரவிக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லாமல் இல்லை. தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரி கோட்டைக்குள் டச்சுக்காரர் டி லனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானவர். 1777-இல் இறந்தார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அந்த அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இருவருமே ஒருவகையில் அரசு ஊழியர்கள்தான். ஆனால் பெரிய அதிகாரிகள். அணைக்குக் கல் சுமந்தவருக்கும் கோட்டைக்கு மண் சுமந்தவருக்கும் கல்வெட்டு கிடையாது.

சரி, சாதாரண ஊழியருக்குச் சிலையே இல்லையா என்றால், சென்னை மெரினாவில் ஒன்று இருக்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வர். நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். இதில் ஒரு சுவாரஸ்யமான விஷயம், அந்த உருவங்களுக்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரியின் காவலாளி. அதாவது ஒரு அரசு ஊழியர் அறுபது வருடத்துக்கும் மேலாகக் கடற்கரையில் வெண்கலமாக நிற்கிறார். தினமும் ஆயிரக்கணக்கானோர் அவரைக் கடந்து போகிறார்கள். "உழைப்பாளி" என்று தெரியும், அவர் இன்னார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

2014-இல் தூய்மை இந்தியா திட்டம் வந்த பிறகு ஊர் ஊராகச் சுவர்களுக்கு வண்ணம் அடித்தார்கள். காந்தியின் மூக்குக்கண்ணாடி, மரம், மயில், குப்பைத் தொட்டி எல்லாம் வந்தன. குப்பையை அள்ளுகிறவர் வந்தாலும் முகம் சரியாக இருக்காது. சீருடையும் துடைப்பமும் மட்டும்தான்.

நியூயார்க்கில் இதை வேறு மாதிரி யோசித்த ஒரு கலைஞர் இருக்கிறார், மியர்ல் லேடர்மன் யூகிலிஸ். 1977 முதல் அந்த நகரத்தின் துப்புரவுத் துறையில், சம்பளம் இல்லாமலே, கலைஞராக இருந்தவர். 1979-80இல் ஏறக்குறைய ஒரு வருடம் நகரம் முழுக்கச் சுற்றி, சுமார் 8,500 ஊழியர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கை குலுக்கி நன்றி சொன்னார். அவ்வளவுதான் அந்தக் கலைப்படைப்பு! 1983-இல் ஒரு குப்பை லாரியின் பக்கங்களில் கண்ணாடி பதித்து ஊர்வலத்தில் ஓட்டவைத்தார். லாரியைப் பார்த்தவர்களுக்கு அதில் தங்கள் முகம்தான் தெரிந்தது. குப்பை யாருடையது என்று சொல்லாமலே சொல்லிவிட்டார்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1968 பிப்ரவரியில் அங்கே இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது. "நானும் மனிதன்" என்ற அட்டையோடு ஊர்வலம் போனார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐம்பது வருடம் கழித்து, 2018-இல், அங்கே ஒரு நினைவுத் திடல் திறந்தார்கள். அதன் சுவரில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,300 பேரின் பெயர்கள் இருக்கின்றன.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. பாராட்டு மலிவானது. சம்பளம், பி.எஃப்., நிரந்தர வேலை எல்லாம் விலை அதிகம். 2020 கொரோனா காலத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டார்கள், பூத் தூவினார்கள். அதே வருடம் தமிழ்நாட்டில் "துப்புரவு" என்ற சொல்லும் "தூய்மை" ஆனது. ஆனால் 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகைக்கு வெளியே, இரண்டு மண்டலங்களின் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து அவர்கள் பதின்மூன்று நாள் உட்கார வேண்டி வந்தது. கடைசியில் இரவோடு இரவாக அப்புறப்படுத்தப்பட்டார்கள். சுவரில் வரைந்தால் "நம் ஊர் ஊழியர்", கணக்குப் புத்தகத்தில் "காண்டிராக்ட் கம்பெனி ஆள்". இந்த இரண்டு வரிகளும் ஒத்துப்போகாத வரை ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கு இடிக்கும்.

அதற்காக ஓவியமே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. பெயர் எழுதப்பட்டவரை "அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவே இல்லை" என்று யாரும் சொல்லிவிட முடியாது. மெம்ஃபிஸ் சுவரின் பலமே அதுதான்.

பத்மநாபபுரத்தில் அப்படி ஒரு சுவர் வந்தால் எப்படி இருக்க வேண்டும்? பழைய கோட்டைச் சுவரில் தூரிகை படவே கூடாது, அதைச் செய்தவர்களுக்கு அதுவே மரியாதை. நகராட்சியின் சொந்தச் சுவர் ஒன்று போதும். வரைவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். முகம் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பெயர், வேலை, சேர்ந்த வருடம் மூன்றும் இருக்க வேண்டும். தெருவிளக்கு மாட்டுகிறவர், குழாய் திறந்துவிடுகிறவர், ஓடை தூர்வாருகிறவர் எல்லோரும் வர வேண்டும், காண்டிராக்டில் இருப்பவர் உட்பட. வரைகிற ஓவியருக்கும் ஒழுங்கான கூலி கொடுக்க வேண்டும், அவரும் உழைப்பாளிதானே! முக்கியமாக, சுவரில் கொஞ்சம் இடம் காலியாக விட வேண்டும். அடுத்த வருடமும் யாராவது வேலைக்குச் சேர்வார்கள்.