போடிமெட்டுல சொட்டுன தண்ணி!

ஏலத்தை ஏலம் விடுற ஊரைப் பார்த்திருக்கீங்களா பாஸ்? நம்ம போடிநாயக்கனூர்தான் அது! காய்க்கும் ஏலம்னுதான் பேரு, அதை விக்கிறதுக்கும் அதே பேருதான். ஸ்பைசஸ் போர்டு நடத்துற ஏலக்காய் ஏலம் இங்கேயும் நடக்குது, மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவுல புற்றடியிலும் நடக்குது. நடுவுல நிக்கிறது போடிமெட்டு. 2010 கடைசியில மூடின மதுரை - போடி ரயில் பாதை, அகலப்பாதையாகி 2023 ஜூன்ல திரும்பவும் ஊருக்கு வந்துடுச்சு. ஆனா ரயில் போடியோட நின்னுடும். அதுக்கு மேல நாலு சக்கரம்தான் கதி!

அப்படித்தான் நாங்க நாலு பேரு, மாமாவோட பழைய காரைக் கெஞ்சி வாங்கிட்டு மூணாறுக்குக் கிளம்பினோம். மதுரையில போட்ட ஏசி, போடி வரைக்கும் ஜில்லுனு வந்துச்சு. டீ குடிக்க நிறுத்தினா, காருக்கு அடியில இடது பக்கம் குட்டிக் குளம்! 'போச்சுடா, மாமா கொன்னுடுவாரு'னு நாங்க அலற, டீ மாஸ்டர் எட்டிப் பார்த்துட்டு, "ஏசித் தண்ணிப்பா அது. பேசாம டீயைக் குடிங்க"ன்னு சொல்லிட்டாரு.

அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. காத்துல இருக்கிற ஈரம் ஏசியோட குளிர்ந்த காயில்ல பட்டுத் தண்ணியாகி, ஒரு சின்ன டியூப் வழியா வெளியே சொட்டும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் வேர்க்குமே, அதே கதைதான். சொட்டினா ஏசி ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். சொட்டாம, முன்சீட்டு மேட் நனைஞ்சாதான் தப்பு. டியூப்ல தூசி, இலைன்னு ஏதோ அடைச்சுக்கிச்சுன்னு புரிஞ்சுக்கங்க.

எங்க பிரச்னை என்னன்னா, இந்த ஒரு பாடத்தைக் கத்துக்கிட்டதும் நாங்க மெக்கானிக் ஆயிட்டதா நினைச்சுட்டோம்!

முந்தல்ல மலையேத்தம் ஆரம்பம். அங்கிருந்து போடிமெட்டுக்கு சுமார் 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவு. காத்து சூப்பரா வீசுதேன்னு ஏசியை நிறுத்திட்டுக் கண்ணாடியை இறக்கிட்டோம். புலியூத்து பக்கம் போட்டோ எடுக்க இறங்கினா, காருக்கு முன்னாடி சொட்டு சொட்டா தண்ணி. "ஏசித் தண்ணிடா"ன்னு நாலு பேரும் ஒரே குரல்ல சொல்லிட்டு ஏறிட்டோம். ஏசியை நிறுத்தி அரைமணி நேரம் ஆச்சுங்கிறது ஒருத்தன் மண்டையிலயும் உறைக்கலை.

இன்னும் ரெண்டு வளைவு போனதும் இனிப்பா ஒரு வாசனை. "ஏலத்தோட்டம் வந்துடுச்சு மச்சான்!"னு பின்சீட்டு நண்பன் மூச்சை இழுத்து இழுத்து விட்டான். அடுத்த வளைவுல டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டு, பானட் இடுக்குல புகை. ஓரமா நிறுத்தினோம். ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தலாம்னு ஒருத்தன் கர்ச்சீப்பைச் சுத்திக்கிட்டு மூடியில கையை வெச்சுட்டான்.

"ஏய்! கையை எடுப்பா!"

பின்னாடி வந்த ஜீப்ல இருந்துதான் அந்தக் கத்தல். தினமும் காலையில தோட்ட வேலைக்கு ஆளுங்களை ஏத்திட்டுப் போற ஜீப். டிரைவர் அண்ணன் குதிச்சு ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டாரு. உள்ளே இருக்கிற தண்ணி மூடியோட அழுத்தத்துலதான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கு. மூடியைத் திறந்தா அத்தனையும் ஒரே நொடியில பொங்கி மூஞ்சியில அடிக்கும். அதுவும் அந்த உயரத்துல சாதாரணத் தண்ணியே 95, 96 டிகிரியில கொதிச்சிடும். நண்பனோட முகம் இன்னிக்கு முழுசா இருக்கிறது அந்த அண்ணன் புண்ணியம்.

கீழே சொட்டுனதை விரல்ல தொட்டுத் தேய்ச்சுக் காட்டினாரு. பச்சையா, பிசுபிசுன்னு, இனிப்பு வாசனையோட இருந்துச்சு. "ஏசித் தண்ணின்னா நிறமும் இருக்காது, வாசமும் இருக்காது. இது கூலன்ட். ஏலத்தோட்டமெல்லாம் மேட்டுக்கு அங்கிட்டுப்பா. நீங்க மோந்தது உங்க வண்டிய!" ஜீப்ல இருந்த அக்காக்கள் சிரிச்ச சிரிப்பு இருக்கே... மானம் கப்பலேறிடுச்சு. (கூலன்ட் விஷம். நீங்க தொட்டுப் பார்த்தா கையைக் கழுவுங்க, நாக்குல வெச்சுடாதீங்க.)

ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் லூசாகி இருந்திருக்கு. சமவெளியில எதிர்க்காத்து காப்பாத்திருச்சு. மலையில செகண்ட் கியர்ல இன்ஜின் முக்குது, வண்டி நகர்றதோ நத்தை வேகம். காத்துக்கு எங்கே போகும்? அந்த நேரத்துல ஏசியும் ஓடினா டபுள் சுமை. ஏசி பிடுங்குற சூட்டை வெளியே தள்ளுற கண்டென்சர், ரேடியேட்டருக்கு முன்னாடிதான் இருக்கு. அதோட சுடுகாத்து நேரா ரேடியேட்டர் மேலதான் அடிக்கும்.

அதனால நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி, இன்ஜின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் அளவைப் பாருங்க. அப்புறம் வண்டியை நிறுத்தி வெச்சே ஏசியைப் போட்டு, முன்னாடி ஃபேன் சுத்துதான்னு கவனிங்க. ஓடும்போது ஜில்லுன்னு இருக்கிற ஏசி, சிக்னல்ல நின்னா சூடாகுதுன்னா ஃபேன் மேல சந்தேகப்படுங்க. அதே ஃபேன்தான் மலையில இன்ஜினையும் கைவிடும். ஏத்தத்துல முள் ஏறுதா? ஏசியை நிறுத்திட்டு ஹீட்டரை ஃபுல்லா வைங்க. சத்தியமா காமெடி பண்ணலை, இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் காருக்குள்ளே இழுத்துக்கும். வேர்க்கும்தான், பரவாயில்லை. புகை வந்துட்டா அந்த வேலையெல்லாம் வேண்டாம். இன்ஜினை ஆஃப் பண்ணி, டயருக்குப் பின்னாடி கல்லை வெச்சுட்டுத் தள்ளி நில்லுங்க.

"அரைமணி நேரத்துக்கு மேல ஆறட்டும். அப்புறம் கிளிப்பை முறுக்கிட்டு, மெதுவா தண்ணி ஊத்துங்க. மேட்டுக்குப் போனதும் மெக்கானிக்கைக் கேளுங்க"ன்னு சொல்லிட்டு அண்ணன் வண்டியில ஏறினாரு. அவங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு. எங்ககிட்ட இருந்தது ரெண்டு கோலா பாட்டில், அதுவும் காலி! ஜீப் நகரும்போது ஒரு அக்கா தன்னோட தண்ணிக் கேனை எடுத்து நீட்டினாங்க. "ஊத்திக்கங்க தம்பி."

அன்னிக்கு முழுக்கத் தோட்டத்துல குடிக்கிறதுக்குன்னு அவங்க கொண்டுபோன தண்ணி அது. போடிமெட்டு டீக்கடையில கேனை ரொப்பிக்கிட்டுத் தேடினோம். ஜீப் எந்தத் தோட்டத்துக்குள்ள திரும்புச்சோ, கண்ணுல படவே இல்லை. அஞ்சு லிட்டர் வெள்ளைக் கேன், கைப்பிடியில சிவப்புத் துணி கட்டியிருக்கும். அடுத்த தடவை அந்தப்பக்கம் போகும்போது கொடுக்கணும்னு டிக்கியிலயே வெச்சிருக்கோம்.