பின்கட்டுக் கொட்டகை

டிசம்பர் 21, 2023

பதினேழாந் தேதியும் மறுநாளும் மாவட்டம் முழுவதையும் வதைத்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழை, எங்கள் கீழவைப்பாரில் அத்தனை உக்கிரம் காட்டவில்லையாயினும், தந்தையார் காலத்திலிருந்து பின்கட்டில் நின்ற வலைக்கொட்டகையின் ஓலைக்கூரையை அமுக்கி, பனங்கைகளை முறித்து, வடபுறச் சுவரைப் பாதிவரை சரித்துவிட்டுப் போயிருக்கிறது. அண்ணன் ஒன்றும் பேசாமல் சாளை வலையையும் நண்டு வலையையும் எடுத்து வந்து திண்ணையில் போட்டார். மதினி விளக்குமாற்றுடன் நெடுநேரம் நின்றாள்.

டிசம்பர் 23

சரிந்த கல்லொன்றை வெயிலில் வைத்துப் பார்த்தேன். பவளக்கல். முகம் முழுவதும் நட்சத்திர வடிவான சிறு குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கி ஓடும் காகிதக் கனமுள்ள தடுப்புகள். ஒரு குழியில் சுண்ணாம்புக் காரை அடைத்திருந்த இடத்தில் அதைப் பூசிய விரலின் ரேகை. ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் வாசம் செய்த அறை. இக்கடற்கரையில் வீடும் மதிலும் எழுந்ததெல்லாம் தீவுகளைச் சுற்றிப் பெயர்த்து வந்த இத்தகைய கல்லினாலேதான். மன்னார் வளைகுடாத் தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் அமிழ்ந்துபோனதற்கு, கல்லெடுத்ததும் ஒரு காரணமென்று அறிந்தோர் சொல்லுகிறார்கள். 2001 முதல் இப்பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குரிய பாதுகாப்பே அளிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இனி ஒரு கல்லும் எடுக்கலாகாது. எடுத்ததை எறிந்துவிடவும் மனம் துணியவில்லை.

ஜனவரி 3, 2024

விளாத்திகுளத்து இன்ஜினியர் ஒருவர் வரைந்து கொடுத்த கான்கிரீட் கட்டடப் படம் வந்தது. பார்வைக்கு லட்சணமாயிருக்கிறது, நாலு தூண், மட்டக்கூரை, இரும்புக் கதவு. ஆனால் உப்புக்காற்று கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உட்புகுந்து கம்பியை அடையுமாயின், கம்பி துருப்பிடித்து, துரு இரும்பைப்போலப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடும். அதற்காகவே கடற்கரைக் கட்டடத்தில் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டுமென்றும், அதுவும் எம்30 தரத்திற்குக் குறையலாகாதென்றும் இந்தியத் தர நிர்ணயம் விதிக்கிறது. படத்திலோ 25 என்று போட்டிருக்கிறது. கேட்டதற்கு, “கொட்டகைதானே சார்” என்றார். கொட்டகைதான். ஆனால் நாற்பது வருஷமாவது நிற்க வேண்டாமா?

ஜனவரி 4

உறக்கமில்லை.

ஜனவரி 19

கப்பல் வேலையிலிருக்கும் அண்ணன் மகன், ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து தகரக் கொட்டகைப் படங்களைப் போனில் அனுப்பியிருந்தான். பலகைகளை வாங்கி வந்து திருகாணி முடுக்கினால் ஒரே நாளில் எழும்பிவிடுமாம். துத்தநாகப் பூச்சு இந்தக் காற்றில் எத்தனை காலம் தாங்கும் என்பதைச் சொல்ல அண்ணனிடம் போனேன். அவர் வேறொன்று சொன்னார்.

“அப்பா காலத்துல பருத்தி வலைல்லா. பட்டைச் சாயத்துல முக்கி எடுப்பாவ. ஈரம் நின்னா இத்துப்போவும். அதான் சுவர்ல அங்கங்க ஓட்டை வச்சி, காத்து ஓடுத மாதிரி கட்டுனாவ. இப்ப நைலான். இதுக்கு ஈரம் ஒண்ணுஞ் செய்யாது, வெயிலுதான் எமன். இருட்டு வேணும்.”

தந்தையார் காற்றுக்காகக் கட்டினார். அண்ணனுக்கு நிழல் வேண்டும். ஒரு கட்டடம் எந்தப் பொருளுக்காக எழுகிறதோ அப்பொருள் மாறிவிட்டால் அதன் சுவரும் சாளரமும் அர்த்தமிழந்து போகின்றன என்பதை இத்தனை வருஷம் அதற்குள் புகுந்து புறப்பட்ட எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நெடுநாளைக்குப் பின் அண்ணன் என்னிடம் இவ்வளவு பேசியது மனத்திற்கு இதமாயிருந்தது. மகன் அனுப்பிய படங்களை அவர் பார்க்கவில்லை.

பிப்ரவரி 14

சாம்பல் புதன். படங்களைத் தொடவில்லை.

பிப்ரவரி 26

கொத்தனார் வந்தார். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளைப் பற்றி நான் விசாரித்து வைத்திருந்ததை அவரிடம் விவரித்தேன்: 2019 அறிவிக்கையின்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து, ஜனநெருக்கமுள்ள கிராமமாயின் 50 மீட்டரும் அல்லாத கிராமமாயின் 200 மீட்டரும் கட்டடம் எழும்பலாகாத எல்லை, அதற்குள் அனுமதியோடு முன்பே நின்றதைப் பழைய அடித்தளத்தின் அளவு மீறாமல் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம். அவர் நூலைப் பிடித்து அளந்தார். பன்னிரண்டடிக்கு ஒன்பதடி. வாடை மழை சாய்த்தடிக்கும் வடகிழக்கில் திறப்பே கூடாதென்றும், நின்றிருக்கும் மூன்று சுவரையும் சுண்ணாம்பிலேயே பூசி நிறுத்தலாமென்றும், மேலே பனங்கை போட்டு நாட்டோடு வேயலாமென்றும் சொல்லி, சிமெண்டுச் சாக்குத் தாளின் பின்புறம் பென்சிலால் நாலு கோடு இழுத்துக் காட்டினார். வந்த படங்கள் அனைத்திலும் இதுவே எனக்குப் பிடித்தது. மூலையில் கிடக்கும் கல்லை என்ன செய்வது என்று கேட்டார். 1961இல் தூத்துக்குடிப் பார்களில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது தந்தையார் கால் வைத்து இறங்கிய கல் அது. கொட்டகையில்தான் இருக்கும் என்றேன்.

மதினி, ஒரு பக்கம் பலகை அடித்தால் அரிசி மூட்டையும் கருப்பட்டிப் பெட்டியும் வைக்கலாமே என்றாள். “வலை வைக்கிறதுக்கு எத்தன காலம் ஆளு இருக்கப்போவுது?” அண்ணன் எழுந்து தெருப்பக்கம் போய்விட்டார்.

மார்ச் 10

அண்ணன் மகன் பேசினான். ஊர்ச் சங்கதிகள் எல்லாம் கேட்டுவிட்டு, “சித்தப்பா, வாசல் எவ்வளவு அகலம் வைக்கிய? ரெண்டு பேரு இன்ஜினைத் தூக்கிட்டு உள்ள போவணும்லா?” என்றான். எந்த இன்ஜின் என்று நான் கேட்கவில்லை. அண்ணனிடம் சொன்னபோது, நாலடி என்றார். சாப்பிட்டுக் கைகழுவிய பின் வந்து, நாலரையாகவே வைத்துவிடு என்றார்.

மார்ச் 12

பழைய வாசல் இரண்டரை அடிதான். அகலப்படுத்தினால் மேலே கான்கிரீட் விட்டம் வேண்டும். அதன் பளுவை ஓரத்துப் பவளக்கல் தாங்காது, பொடிந்துவிடும். மேற்குச் சுவரை முழுவதும் இறக்கிவிட்டு ஹாலோ பிளாக்கில்தான் எடுக்க வேண்டும் என்கிறார் கொத்தனார். மற்ற இரண்டு சுவரையாவது விட்டுவைக்க வழியுண்டா என்று கேட்டேன். இறக்கிப் பார்த்தால்தான் தெரியுமாம். ஈஸ்டருக்கு முன் வேம்பாரில் அவருக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.