இல்லாத ஸ்டேஷன்

எனக்கு அப்போது ஐந்து வயது. புளியங்குடி ஸ்டேஷனில் அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கரி வண்டி வருகிறது. அப்பா ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக ஓர் எலுமிச்சம்பழத்தை என் கையில் வைக்கிறார். வண்டி நகர்கிறது, நான் அழுதுகொண்டே கூட ஓடுகிறேன். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன அப்பா திரும்பவில்லை. அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார்.

நான் கதை எழுத வந்ததே இந்தக் காட்சியால்தான் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன். என் நாவல்களில் யாராவது ஒருவர் ரயிலேறிப் போய்க்கொண்டேயிருப்பதற்கும் இதுதான் காரணம்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பெரிய அக்காவிடம் இந்தப் பேச்சு வந்தது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏல, புளியங்குடிக்கு எந்தக் காலத்துல ரயில் வந்துது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1927-ல் விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் போட்ட பாதை எங்கள் ஊரைத் தொடாமல் கிழக்கே ஒதுங்கிப் போகிறது. ரயிலேற வேண்டுமானால் பாம்புக்கோவில் சந்தைக்குத்தான் போகவேண்டும். இது தெரியாதவனா நான்? எத்தனை தடவை அங்கே இறங்கி வந்திருக்கிறேன்! தெரிந்ததும் ஞாபகமும் ஒரே மண்டைக்குள் இத்தனை வருஷம் முகம் பார்க்காமலே குடியிருந்திருக்கின்றன.

"வண்டி பின்னால ஓடுனது பெரியவன்லா. நீ அம்மை போட்டு வேப்பிலைல கெடந்தே. ராத்திரி பூரா அவன்தான் ஒன் பக்கத்துல படுத்து அதைச் சொல்லிச் சொல்லி அழுவான்."

குழந்தை மனத்தை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்த ழான் பியாஜேக்கும் இப்படி ஒரு ஞாபகம் இருந்தது. பாரிஸ் வீதியில் தம்மைத் தூக்கிப் போக வந்தவன், அவனோடு மல்லுக்கு நின்ற தாதி, அவள் முகத்துக் கீறல் எல்லாம் அவர் கண்முன் நின்றன. அவருக்குப் பதினைந்து வயதானபோது, அத்தனையும் தன் கட்டுக்கதை என்று அந்தத் தாதி கடிதம் எழுதி, பரிசாக வாங்கிய கடிகாரத்தையும் திருப்பியனுப்பினாள். நான் யாரிடம் எதைத் திருப்பிக் கொடுப்பேன்? அண்ணன் போய் மூன்று வருஷமாகிறது.

அவன் ஒரு வரி எழுதினவனில்லை. எலுமிச்சைக் கமிஷன் கடையில் மூட்டைக் கணக்குப் பார்த்தே காலத்தை ஓட்டினான். என் புத்தகங்களைப் படித்துவிட்டு, "நல்லாருக்குல" என்பான். அந்த ரயில் காட்சி வருகிற நாவலையும் அப்படித்தான் சொன்னான்.

"அப்ப எலுமிச்சம்பழம்?" என்று கேட்டேன்.

"அது நெசந்தான். ஒனக்குன்னு அப்பா குடுத்துவிட்டது. அவன் கொண்டாந்து ஒன் தலைமாட்டுல வச்சான்."