கஞ்சி போதாது

சென்ற மார்கழியில் எங்கள் அன்னையார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை முடிந்து வீடு திரும்பியவரைக் கஞ்சியும் ரசமும் தந்தே பேணினோம். நோயாளிக்கு அதுவே ஏற்றது என்பது எங்கள் எண்ணம். பத்தாம் நாள் முதுகின் அடியில் ஒரு செந்திட்டு. விரலால் அழுத்தினும் வெளிறவில்லை. எண்ணெயிட்டுத் தேய்த்தோம். அது பெருந்தவறாம்! படுக்கைப்புண்ணின் தொடக்கம் அதுவே என்றார் மருத்துவர்.

சிறுநீரகத்தில் கோளாறு இல்லாமையால், எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும் என்றார். 40 கிலோ எடையுள்ள அன்னையாருக்கு 50 கிராமுக்குக் குறையலாகாது. கஞ்சியில் அது ஏது? முட்டை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பருப்பு, தயிர், பால், பனீர் எனச் சிறுகச் சிறுக ஊட்டினோம். இரவிலும் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தோம். குதிகால் மெத்தையில் படாதவாறு கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்தோம்.

மூன்றாம் வாரம் திட்டு மறைந்தது. "கஞ்சி எங்கேடா?" என்று இன்றும் கேட்கிறார்.