ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பம்

முதல் நாள் மாலை பண்ருட்டியில் மண்டபத்தில் வரவேற்பு, மறுநாள் விடியற்காலை திருவதிகை வீரட்டானேசுவரர் கோவிலில் தாலிகட்டு. அக்கா மகள் கல்யாணம் இப்படி முடிவானதும் சமையல், பந்தல், சீர்வரிசை என்று ஆளுக்கொன்றாக வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். போட்டோக்காரரைப் பிடிப்பது தாய்மாமன் பொறுப்பு என்று என்னிடம் வந்தது.

பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஸ்டுடியோக்களில் ஏறி இறங்கினேன். எல்லாரும் முதலில் நீட்டியது செல்போனைத்தான். முந்திரித் தோப்புக்குள் கைகோத்து நடக்கும் ஜோடி, ட்ரோனில் எடுத்த கெடில ஆறு, புகைக்கு நடுவே சிரிக்கும் மணப்பெண். நல்ல படங்கள்தாம். ஆனால் பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கி எடுத்தவை. நமக்கு நடக்கப்போவது ஒரு கல்யாணம். அதனால், "ஒரே கல்யாணத்தோட முழு ஆல்பத்தைக் காட்டுங்க" என்று கேட்டேன். பலர் தயங்கினார்கள். ஒருவர் மட்டும் பீரோவைத் திறந்து, வாடிக்கையாளர் வாங்கிப்போகாமல் கிடந்த ஆல்பத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

அதில் நான் தேடியது தாலி கட்டும் கணம். அட்சதை பறக்கிறது, கெட்டிமேளம் கொட்டுகிறது, உறவுக்காரர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறார்கள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டு முடிப்பதற்குள் எல்லாம் எடுத்தாக வேண்டும். கோவில் மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. ஷட்டரை மெதுவாக வைத்தால் அட்சதை கோடு கோடாக விழும், கை கலங்கித் தெரியும். வேகமாக வைத்தால் படம் இருண்டுவிடும். அங்கேதான் f/1.8 வரை அகலமாகத் திறக்கும் லென்ஸ் கைகொடுக்கிறது. "லென்ஸ் பாதிதாண்ணா. ஐயர் தாலியை எடுக்கறதுக்கு முன்னாடியே எங்க நிக்கணும்னு தெரியணும்" என்றார் அவர். அந்த ஆல்பத்தில் முடிச்சும் தெரிந்தது, பின்னால் கண்ணைத் துடைக்கும் பெண்ணின் அப்பாவும் தெரிந்தார். பக்கத்துக் கடையில் காட்டிய ஆல்பத்தில் அதே கணத்தில் யாரோ ஒருவரின் முதுகு இருந்தது.

இன்னொன்றையும் பார்த்தேன், இதில் எனக்குக் கோபமே உண்டு. வெயிலில் உழைத்துக் கறுத்த குடும்பத்தில் மணப்பெண் மட்டும் எடிட்டிங்கில் வெளுத்துப்போகிறாள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். ஆல்பத்தைத் திருப்பும் பேத்தி தன் பாட்டியை அடையாளம் காண வேண்டாமா? பீரோவைத் திறந்தவர் காட்டிய ஆல்பத்தில் மாநிறம் மாநிறமாகவே இருந்தது. வெள்ளை வேட்டியும் பொன் நகையும் பக்கத்தில் இருக்கும்போது கறுத்த முகத்தின் விவரம் போகாமல் எடுப்பது சுலபமல்ல.

பிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம். வீணாக ஒன்றைத் தட்டினாலும் காசு. அந்தக் காலப் படங்களுக்கு இன்று மதிப்பு தெரிகிறது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிச் சேகரித்துப் பாதுகாக்கிறது. இப்போது ஒரே கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். அவற்றைப் பத்திரமாக வைப்பதுதான் சிக்கல். இரண்டு மெமரி கார்டிலும் ஒரே நேரத்தில் பதிகிற கேமராவா, வீட்டுக்குப் போனதும் ஹார்டு டிஸ்கில் நகல் எடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

அவரிடம் லைட் பிடிக்கும் பையனோடும் பேசினேன். முகூர்த்த நாளில் அதிகாலையே மேடையேறுகிறவன், கடைசிப் பந்தியில் எது மிஞ்சுகிறதோ அதைச் சாப்பிடுகிறான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த மாதங்களில் பாஸ்போர்ட் படமும் பள்ளிக்கூட அடையாள அட்டைப் படமும்தான் கடைக்கு வாடகை கட்டுகின்றன.

அந்த ஆல்பத்தைக் காட்டியவரையே முடிவு செய்தேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதனால் எங்களைக் கேட்காமல் இணையத்தில் போடக்கூடாது, எடிட் செய்யாத படங்கள் முழுதும் எங்களுக்கு வேண்டும், முகத்தை வெளுக்கக்கூடாது. அவர் கேட்டது ஒன்றுதான்: தாலி கட்டும்போது மேடைக்கு முன்னால் செல்போனோடு யாரும் வரக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்றேன். அவர் ஆட்கள் எல்லாருக்கும் முதல் பந்தியிலேயே இலை என்பதை நானே கடைசி வரியாகச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.