பாடி ஓகே... சேஸிஸ் யாருது?

ராத்திரி பதினோரு மணி. ஹாஸ்டல் மொட்டை மாடி. மூச்சு வாங்க ஓடி வந்த ரூம்மேட் சொன்ன ஒரே வரியில எங்க மூணு பேரு தூக்கமும் காலி.

"மச்சி, கார் கிடைச்சிருச்சுடா. அதுவும் ஃப்ரீயா!"

கார்னா சாதா கார் இல்லீங்க. 1968 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு! கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிற புதுப்பட்டினத்துல, அவனோட தாத்தா வீட்டு ஷெட்டுல பல வருஷமா தூங்கிட்டிருக்கு. இப்போ வீட்டை இடிச்சுக் கட்டப் போறாங்க. தை பிறந்தா ஷெட் இருக்காது. காயலாங்கடைக்காரர் வந்து எடைக்கு விலை பேசிட்டுப் போயிட்டார். "உருப்படியா ஏதாவது பண்றதா இருந்தா நீங்க எடுத்துக்கோங்க"னு தாத்தா பேரனுக்குக் கடைசி சான்ஸ் கொடுத்திருக்கார்.

நாங்க மூணு பேருமே மெக்கானிக்கல், மூணாவது வருஷம். ஆறு மாசமா ஒரே கனவு... ஹாட் ராட்! பழைய காரோட அழகான பாடியை மட்டும் கழற்றி, தெம்பான வேற வண்டியோட சேஸிஸ் மேல உட்கார வெச்சு 'டர்ர்ர்'னு கிளப்புறது. பட்ஜெட், மூணு பேரும் சேர்ந்து ஒன்றரை லட்சம். அதுல பாதியை இன்னும் வீட்டுல கேட்கவே இல்லைங்கிறது தனிக் கதை!

தேருக்கே மாத்தினாங்க பாஸ்!

ஞாயித்துக்கிழமை காலையில செங்கல்பட்டுல பஸ் ஏறினோம். ஆளுக்கொரு ஜன்னல் சீட், ஒரு டேப், ஒரு சுத்தியல். ஏரி, வயல், மலைனு போய், திருக்கழுக்குன்றத்துல பஸ் கொஞ்ச நேரம் நின்னுச்சு. மேலே மலைக்கோயில், கீழே கடைத்தெரு. அங்கேதான் எங்க டீமோட வெல்டிங் புலிக்கு ஞானோதயம்.

"பாடியை மாத்தினா பாவம்னு யாராவது சொன்னா, தேரைக் காட்டுடா. திருவாரூர் ஆழித் தேருக்கு இரும்புச் சக்கரம், அச்சு, ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் திருச்சி பெல் கம்பெனிதானே பண்ணிக் கொடுத்துச்சு? மேலே சாமி அதே சாமி, கீழே சேஸிஸ் புதுசு. நாம பண்ணா மட்டும் தப்பா?"

பஸ்ஸுல பின்னாடி சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தாங்க. பதில் சொல்ல எங்களுக்குத் தோணல. பாயின்ட் சரியாத்தான் இருந்துச்சு.

கல்பாக்கம் வந்துட்டா ஊரு ரெண்டாப் பிரிஞ்சு தெரியும். ஒரு பக்கம் மரம் வெச்ச, அளவெடுத்துக் கட்டின அணுசக்தித் துறை டவுன்ஷிப். இன்னொரு பக்கம் பரோட்டாக் கடை, செல்போன் கடை, மீன் வாடைனு புதுப்பட்டினம் பஜார். கொஞ்சம் தள்ளினா சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரங்க கட்டின கோட்டை.

பஜார்ல இறங்கினதுமே எங்களை உரசிட்டுப் போச்சு ஒரு மீன்பாடி வண்டி. மூணு சக்கரத் தள்ளுவண்டிக்குப் பழைய ஸ்கூட்டர் இஞ்ஜின். சைலன்சர் இருக்கா இல்லையானு அதோட ஓனருக்கே சந்தேகம் வரும்! அமெரிக்காவுல 1930கள்ல கலிபோர்னியாவுல வறண்ட ஏரிப் படுகையில பசங்க பழைய ஃபோர்டுகளைப் பிரிச்சு, வேண்டாததைக் கழற்றி எறிஞ்சு ரேஸ் விட்டாங்களே, அதுதான் ஹாட் ராடோட ஆரம்பம். 1932ல ஃபோர்டு மலிவு விலையில வி-8 இஞ்ஜினை இறக்கி விட்டதும் ஆட்டம் சூடு பிடிச்சது. கையில இருக்கிறதை வெச்சு வேகம் கூட்டுறதுதான் விஷயம்னா, நம்ம ஊரு ஒரிஜினல் ஹாட் ராட் இந்த மீன்பாடி வண்டிதான்.

ஷெட்டுக்குள்ள ஒரு இத்தாலி அழகி

தாத்தாவுக்கு எழுபத்து நாலு வயசு. அணு ஆராய்ச்சி மையத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "வாங்க தம்பி, முதல்ல காபி குடிங்க"னு உட்கார வெச்சார். எங்க கண்ணு ஷெட்டுலயே இருந்தது.

தார்ப்பாயை விலக்கினதும்... அடடா! புழுதிக்குள்ள வெளிர் நீலம். பின்னாடி குட்டியா ரெக்கை. முன்பக்கம் பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டா முன்னாடி கவிழ்ந்து திறக்கும். இஞ்ஜினைச் சுத்தி நின்னு டயர் மேல உட்கார்ந்தே ரிப்பேர் பார்க்கலாம்.

இந்த கார் பிறந்தது நாங்க தினமும் போற ஜி.எஸ்.டி. ரோட்டுலதான்னு அன்னிக்குத்தான் தெரியும். வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபேக்டரி இருந்திருக்கு. இங்கிலாந்துல 1959ல வந்த ட்ரயம்ப் ஹெரால்டு, 1961லேர்ந்து இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டா தயாராச்சு. டிசைன் இத்தாலிக்காரர் ஜியோவானி மிகெலாட்டி. கடைசியா 1985ல 'ஸ்டாண்டர்டு 2000'னு ஒரு பெரிய கார் விட்டாங்க. போணி ஆகல. 1980களோட கடைசியில ஃபேக்டரிக்குப் பூட்டு.

ஹெரால்டுல எங்களுக்கு வாய்ல எச்சில் ஊற ஒரு காரணம் இருக்கு. அந்தக் காலத்துலயே மத்த கம்பெனிகள் பாடியும் சேஸிஸும் ஒண்ணா இருக்கிற மோனோகாக் பக்கம் போயிட்டாங்க. ஹெரால்டு கம்பெனிக்கு பாடி செஞ்சு கொடுத்த நிறுவனத்தைப் போட்டிக்காரன் வாங்கிட்டான். அதனால தனித்தனித் துண்டா பாடி செஞ்சு, தனி சேஸிஸ் மேல போல்ட் போட்டு மாட்டுற பழைய வழிக்கே திரும்பினாங்க. கூரை கூட போல்ட்தான்! 1962ல வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கி, மேலே வேற பாடி மாட்டினதுதான். ஆக, கம்பெனிக்காரனே பாடி மாத்தின ஆளு!

டேப்பை இழுத்தோம். ஹெரால்டோட வீல்பேஸ் 2324 மி.மீ. நாங்க மனசுல வெச்சிருந்த டோனர் மாருதி ஜிப்ஸி. புதுப்பேட்டையில சேஸிஸ், இஞ்ஜினோட ஒண்ணைப் பார்த்தும் வெச்சிருந்தோம். அதோட வீல்பேஸ் 2375. வித்தியாசம் வெறும் 51 மி.மீ., ரெண்டு இன்ச்! ஹெரால்டுல 948 சி.சி. இஞ்ஜின், நாப்பது குதிரை கூடத் தேறாது. ஜிப்ஸியில 1298 சி.சி., 80 குதிரை. வெல்டிங் புலி ஷெட்டுக்குள்ளயே குத்தாட்டம் போட்டான்.

ஆனா கீழே குனிஞ்சு பார்த்ததும் உற்சாகம் பாதி போச்சு. ஜிப்ஸி மலை ஏறுற வண்டி. சேஸிஸ் உயரம். அது மேல இந்த பாடியை வெச்சா யானை மேல அம்பாரி மாதிரி நிக்கும். ஸ்பிரிங்கைத் தாழ்த்தணும், ஸ்டீயரிங் ராடை வேற கோணத்துல கொண்டு வரணும், பெடல், டேங்க், ரேடியேட்டர் எல்லாத்துக்கும் புது இடம் பார்க்கணும். பாடி இறக்க ஒரு மத்தியானம் போதும். மறுபடி உட்கார வைக்க ஒரு வருஷம் ஆகும்.

பாட்டி சொன்ன ரெண்டு தேதி

பாட்டி காபி டம்ளர் எடுக்க வந்தவங்க ஷெட் வாசல்ல நின்னுட்டாங்க. "இதுலதான் உங்கம்மாவை வயித்துல வெச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில ஒரு தடவை கூட நிக்கல"னாங்க ரூம்மேட்டைப் பார்த்து. தாத்தா 1979ல இந்த காரை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினாராம்.

இன்னொரு தேதியும் சொன்னாங்க. 2004 டிசம்பர் 26. அப்போ டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல இருந்திருக்காங்க. சுனாமி குடியிருப்புக்குள்ள வந்தது. உயிர்கள் போச்சு. "எங்க தெருவுல தண்ணி வடிஞ்சப்புறம் பார்த்தா, கார் நகரவே இல்ல, நின்ன இடத்துலயே நின்னுச்சு. ஆனா அதுக்கப்புறம் ஓடவும் இல்ல."

உப்புத் தண்ணி குடிச்ச சேஸிஸ்! சுத்தியலால தட்டிப் பார்த்தோம். நடுவுல நீளமா ஓடுற ரெண்டு மெயின் ரெயில் 'டங்... டங்'னு மணி மாதிரி பேசுச்சு. பக்கவாட்டுல பாடியைத் தாங்குற கைகள் மட்டும் 'டொப்'. ஒரு இடத்துல சுத்தியல் உள்ளேயே போயிருச்சு. ஹெரால்டுக்கு எல்லா ஊர்லயும் முதல்ல துரு பிடிக்கிற இடம் இதுதானாம்.

"பாத்தியா, சேஸிஸ் அவுட்டு. ஜிப்ஸிதான் வழி!"னான் புலி.

"பேப்பர் இருக்கா தம்பி?"

தாத்தா அவ்வளவு நேரமும் அமைதியாப் பார்த்துட்டிருந்தார். அப்புறம் கேட்டார், "நீங்க சொல்ற மாத்துற வேலையை இந்த ஊர்ல நாங்களும் பண்ணியிருக்கோம், தெரியுமா?"

இங்கே இருக்கிற எஃப்.பி.டி.ஆர். சோதனை அணு உலையோட அடிப்படை டிசைன் பிரான்ஸ் நாட்டு 'ராப்சோடி' உலையோடது. அதுல கரென்ட் எடுக்கிற ஏற்பாடு இல்ல. நீராவி ஜெனரேட்டரும் டர்பைனும் நம்மவங்க சேர்த்தது. 1974ல பொக்ரான் சோதனை நடந்ததும், பிரான்ஸ்லேர்ந்து எதிர்பார்த்த செறிவூட்டிய யுரேனியம் வரல. பாடி இருக்கு, இஞ்ஜின் இல்லாத கதை! புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளை நம்மவங்களே உருவாக்கினாங்க. 1985 அக்டோபர் 18ல உலை இயங்க ஆரம்பிச்சது.

"நீங்களே சொல்லிட்டீங்க தாத்தா, மாத்தலாம்னு!"

"மாத்தலாம்டா. ஆனா நாங்க மாத்தின ஒவ்வொரு போல்ட்டுக்கும் பேப்பர் இருந்துச்சு. கணக்கு இருந்துச்சு, அனுமதி இருந்துச்சு. உங்க வண்டிக்கு என்ன பேப்பர்?" உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டு வந்தார். மஞ்சளாப் போன ஆர்.சி. புக். சேஸிஸ் நம்பர்னு ஒரு வரி, மேலே அவர் விரல்.

செல்லுல தேடிப் படிக்கப் படிக்க எங்க முகம் சுருங்கிச்சு. 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. ஆர்.சி.யில இருக்கிற விவரம், கம்பெனி முதல்ல குறிப்பிட்டதுலேர்ந்து மாறிப் போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதியாச் சொல்லிருச்சு. சேஸிஸ் ஜிப்ஸி, பாடி ஹெரால்டுனா பேப்பர்ல அது ஜிப்ஸியும் இல்ல, ஹெரால்டும் இல்ல!

2021ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. 50 வருஷம் தாண்டியிருக்கணும், ஒரிஜினல் வடிவம் மாறியிருக்கக் கூடாது. சேஸிஸ், பாடி, இஞ்ஜின்ல பெரிசா கை வெச்சா அந்தத் தகுதி போச்சு. அப்படிப் பதிஞ்சாலும் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, சர்வீஸ் மாதிரி வேலைக்குத்தான். தினசரி ஓட்டணும்னா சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும், எஃப்.சி.யில பாஸாகணும். ரெண்டு கதவுமே ஒரிஜினல் ஹெரால்டுக்குத்தான் திறக்கும்.

"எடுத்துட்டுப் போங்க. ஒரே கண்டிஷன். அதோட சொந்த நம்பரோட ரோட்டுல ஓடணும்"னு முடிச்சுட்டார் தாத்தா.

ஓடாத ரதமும் ஓட வேண்டிய காரும்

திரும்பும்போது ஈ.சி.ஆர். வழியா வந்தோம். மாமல்லபுரத்துல இறங்கி, பஞ்ச ரதத்துக்கு எதிர்ல சுண்டலோட பஞ்சாயத்து. மரக் கட்டட வடிவத்தை அப்படியே கல்லுல இறக்கி வெச்சிருக்கான் பல்லவ சிற்பி. பேருதான் ரதம், சக்கரம் கிடையாது. 1300 வருஷமா நின்ன இடத்துல நிக்குது.

"நாமளும் ஜிப்ஸி மேல ஹெரால்டை வெச்சா இப்படித்தான். போட்டோ எடுக்கலாம், ரோட்டுல ஓட்ட முடியாது"னான் ரூம்மேட்.

புலி விடல. "அப்போ ரோட்டுக்கே வராத வண்டி பண்ணலாமே? கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி இஞ்ஜினை வெச்சு ஃபார்முலா மாருதி பண்ணலையா? நரேன் கார்த்திகேயன் ஓட்டிப் பழகின வண்டிடா அது!"

அவன் சொன்னதும் உண்மைதான். ரேஸ் டிராக்குக்குள்ள மட்டும் ஓடுற வண்டிக்குக் கணக்கே வேற. ஆனா அதுக்கு ஹெரால்டு எதுக்கு? இரும்புக் குழாய் போதும். ஒரு ஹெரால்டை வெட்டிட்டா மறுபடி செய்ய ஜி.எஸ்.டி. ரோட்டுல ஃபேக்டரி இல்ல.

ஓட்டு போட்டோம். ரெண்டுக்கு ஒண்ணு. சேஸிஸை மாத்தறதில்ல, துருப்பிடிச்ச கைகளை மட்டும் வெட்டி எடுத்து, அதே அளவுல புது இரும்புத் தகடு மடிச்சு வெல்ட் பண்றது. இஞ்ஜின் அதே 948. நாப்பது குதிரைக்குள்ளதான், பரவால்ல. உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு இன்னமும் அந்த 80 குதிரை மேல கண்ணு. புலி முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு, பெருங்களத்தூர் வர்ற வரைக்கும் பேசல. இறங்கும்போது மட்டும் கேட்டான், "தகடு எத்தனை மி.மீ. போடலாம்?"

தாத்தாவுக்குப் போன் போட்டோம். "சரி, காயலாங்கடைக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா தை வரைக்கும்தான்." பின்னாடி பாட்டி குரல், "முன் சீட்டு எனக்குனு சொல்லுங்க!"

அதனால மக்களே, செங்கல்பட்டு ரோட்டுல என்னிக்காவது ஒரு வெளிர் நீல ஹெரால்டு மெதுவா உருண்டு போனா, பின்னாடி நின்னு ஹாரன் அடிக்காதீங்க. உள்ளே பாட்டி இருப்பாங்க!