உள்ளறைக் கதவின் கைப்பிடி

வீடு கட்டுவோரும் வீட்டைப் புதுப்பிப்போரும் தலைவாசலுக்குக் காட்டும் கவனத்தில் பாதியையேனும் உள்ளறைக் கதவுகளுக்குக் காட்டுவதில்லை. தலைவாசலுக்குத் தேக்கு, அதன் மேலே திரு இருதய ஆண்டவர் படம், பங்குத் தந்தை வீடு மந்திரிக்க வந்தால் தீர்த்தம் தெளிப்பதும் முதலில் அங்கேதான். உள்ளே இருக்கும் கதவுகளோ தச்சர் மாட்டியதை ஏற்றுக்கொண்டு பேசாமல் நிற்கின்றன. ஆனால் ஒரு நாளில் நம் கை தலைவாசலை நான்கைந்து முறை தொடுமானால், உள்ளறைக் கதவுகளை எத்தனை முறை தொடுகிறது என்பதை வாசகர்கள் ஒரு நாள் எண்ணிப் பார்க்கலாம். எனக்கு எண்ணிக்கை தவறிப்போயிற்று.

எங்கள் அடுக்குமாடி வீடு சாந்தோமில், கடலுக்கு நான்கு தெரு இப்பால் இருக்கிறது. கட்டி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. உள்ளறைக் கதவுகள் எல்லாவற்றிற்கும், நடுவில் அழுத்தும் பொத்தான் வைத்த உருண்டைக் குமிழ்களே போட்டிருந்தார்கள். என் தாயாருக்கு வயது 86. மூட்டுவாதத்தினால் விரல்கள் முழுவதும் மடங்குவதில்லை. குமிழைத் திருப்ப வேண்டுமானால் அதை இறுகப் பிடிக்கவும் வேண்டும், பிடித்தபடியே மணிக்கட்டைத் திருகவும் வேண்டும். முதலில் முந்தானையைக் குமிழில் சுற்றித் திருப்பினார்கள். பிறகு இரு கைகளாலும் முயன்றார்கள். அதன்பின் தம் அறைக் கதவைச் சாத்துவதையே விட்டுவிட்டார்கள். சேலை மாற்றும் நேரத்திலும் கதவு ஒருக்களித்தே கிடக்கும். ஏன் என்று கேட்டால், "காற்று வரட்டும்" என்பார்கள்.

வீட்டிற்கு வண்ணம் அடிக்கும் முறை வந்தபோது கைப்பிடிகளையும் மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. நிக்கல் நிறமே வேண்டும் என்பது என் மகளின் கட்சி. பித்தளையே போதும் என்பது என் மனைவியின் கட்சி. தாயாரோ, தமக்கு எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டுச் செபமாலையை எடுத்துக்கொண்டார்கள்.

தியாகராய நகரில் நாங்கள் சென்ற கடையில் ஒரு சுவர் முழுவதும் பலகை அடித்துக் கைப்பிடிகளை மாட்டி வைத்திருந்தார்கள். பளபளக்கும் பித்தளை, பழமை பூசிய பித்தளை, கறுப்பு, கண்ணாடிபோல் மின்னும் குரோமியம், பளபளப்பான நிக்கல், மங்கலான நிக்கல் என்று வரிசை நீண்டது. குரோமியமும் நிக்கலும் தொலைவில் ஒன்றுபோலவே தோன்றும். அருகில் வைத்துப் பார்த்தால் குரோமியத்தில் நீலச்சாயல் ஓடும்; நிக்கலில் மிக இலேசான மஞ்சள் கலந்த வெண்மை இருக்கும். இந்த வெண்மையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். 1957இல் தசம நாணயம் வந்தபோது வெளியான 25 நயா பைசா தூய நிக்கலால் ஆனது. லஸ் காட்டுக் கோயிலுக்கு அருகே நாங்கள் குடியிருந்த நாளில், ஞாயிறு காணிக்கைக்கென்று தாயார் என் உள்ளங்கையில் அழுத்திய காசு அதுதான். கோயிலுக்குப் போகும் வழியில் அதைக் காந்தத்தில் ஒட்ட வைத்துப் பார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. நிக்கல் காந்தத்தில் ஒட்டும். அந்த மதிப்புள்ள காசுகளே 2011 ஜூன் 30ஆம் நாளோடு செல்லாதனவாகிவிட்டன.

இந்த உலோகத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மானிய நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள், செம்பைப் போன்ற நிறமுடைய ஒரு தாதுவை வெட்டி எடுத்து உருக்கிப் பார்த்தார்கள். செம்பு வரவில்லை, நச்சுப் புகைதான் வந்தது. இது ஏதோ குட்டிச்சாத்தானின் வேலை என்று எண்ணி அத்தாதுவிற்குச் செம்புக் குட்டிச்சாத்தான் என்னும் பொருளில் 'குப்பர்நிக்கல்' என்று பெயரிட்டார்கள். 1751இல் சுவீடன் நாட்டு அறிஞர் குரோன்ஸ்டெட் அதிலிருந்து புதிய உலோகம் ஒன்றைப் பிரித்தபோது, பெயரில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார். நிக்கல் என்பது நிக்கோலாஸ் என்ற பெயரின் செல்லச் சுருக்கமாம். ஏழைகளுக்கு மறைவாய் வாரி வழங்கிய மீரா நகர் ஆயர் புனித நிக்கோலாசின் பெயர், ஒரு குட்டிச்சாத்தானிடம் போய்ச் சேர்ந்த விந்தையை என்னென்பது!

அந்தக் குட்டிச்சாத்தான் குணம் இன்றைக்கும் முற்றிலும் போகவில்லை. கடையில் 'நிக்கல் கைப்பிடி' என்று விற்பது நிக்கலால் ஆனதன்று. அது ஒரு முலாம் மட்டுமே. தலைமயிரின் கனத்தைவிட மிக மெல்லிய அந்தப் பூச்சின் அடியில் என்ன இருக்கிறது என்பதே விலையையும் ஆயுளையும் தீர்மானிக்கிறது. அடியில் பித்தளை இருக்கலாம், துத்தநாகக் கலப்பு உலோகம் இருக்கலாம், மலிவுச் சரக்கில் இரும்பும் இருக்கலாம். பலகையில் மாட்டியிருக்கும்போது மூன்றும் ஒரே முகந்தான்.

உலர்ந்த ஊர்களில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். சாந்தோம், பட்டினப்பாக்கம், அடையாறு, பெசன்ட் நகர் வாசிகளுக்கு அப்படியன்று. உப்புக் காற்று எங்கள் ஜன்னல் கம்பிகளை என்ன பாடு படுத்துகிறது என்பதை நாங்கள் அறிவோம். முலாம் எவ்வளவு நன்றாயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் அதில் இருக்கும். நாள்பட்ட உராய்வில் கீறல்களும் விழும். அவற்றின் வழியே உப்பும் ஈரமும் இறங்கும். நிக்கலைவிடத் துத்தநாகமும் இரும்பும் எளிதில் அரிக்கப்படும் இயல்புடையவை. இவ்விரு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு நீர் சேர்ந்தால், மேலே உள்ள நிக்கல் தப்பித்துக்கொண்டு, அடியில் உள்ளது இன்னும் விரைவாக அரிபடும். அப்போது முலாம் அம்மைக் கொப்புளம்போல் எழும்பி உரியும். பித்தளையோ நிக்கலுக்கு ஓரளவு இணையாக நிற்கக்கூடியது. ஆதலால் அதன்மேல் இட்ட முலாம் நெடுநாள் தாங்கும். எங்கள் மாடியிலேயே மற்றொரு வீட்டில் துத்தநாகக் கைப்பிடிகள் மூன்று மழைக்காலத்திற்குள் கொப்புளித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடியில் இருப்பதை எப்படி அறிவது? கடைக்காரர் நல்ல மனிதர். வயதில் என்னைவிட இளையவர். "ஐயா, முன்பக்கம் பார்க்காதீர்கள், திருப்பிப் பாருங்கள்" என்றார். கைப்பிடியின் பின்புறத்தில், சதுரக் கம்பி நுழையும் துளையின் உள்விளிம்பில் முலாம் சரியாக ஏறியிராது. அங்கே மஞ்சள் தெரிந்தால் பித்தளை; மங்கிய சாம்பல் தெரிந்தால் துத்தநாகம். இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். நிக்கலும் காந்தத்திற்கு இணங்குவதுதானே என்று வாசகர் கேட்கலாம். முலாம் அளவிலுள்ள நிக்கல் காந்தத்தைப் பற்றிப் பிடிக்கும் அளவுக்கு வலிமை உடையதன்று. இரும்பானால் காந்தம் வெடுக்கென்று ஒட்டும். கனமும் ஓர் அடையாளம். ஒரே அளவுள்ள இரண்டைக் கைக்கொன்றாக ஏந்தினால் பித்தளை உள்ள கை தாழும். விலையும் அதேபோல் கனத்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஏறக்குறைய இரு மடங்கு. துருப்பிடிக்காத எஃகிலும் இதே மங்கல் நிறத்தில் கைப்பிடிகள் உண்டு. முலாமே இல்லாததால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. செலவைக் குறைக்க விரும்புவோர்க்கு நான் துத்தநாகத்தை விடுத்து அதையே சொல்வேன்.

நிறத்தையும் உலோகத்தையும் பற்றி இவ்வளவு பேசிய பிறகும், வடிவத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை. மறுமுறை செல்லும்போது தாயாரையும் ஆட்டோவில் அழைத்துச் சென்றோம். கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "அம்மா, நீங்களே பிடித்துப் பாருங்கள்" என்று மாதிரிக் கதவு ஒன்றை அருகில் தள்ளி வைத்தார். நீளக் கைப்பிடியின்மேல் தாயார் விரல்களை மடக்கக்கூட இல்லை. புறங்கையை வைத்து அழுத்தினார்கள். கதவு திறந்துகொண்டது. மீண்டும் சாத்தி, முழங்கையால் அழுத்தினார்கள். அதற்கும் திறந்தது. ஐந்தாறு முறை செய்து பார்த்துவிட்டு, "இது நல்லாயிருக்கு" என்றார்கள்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. குமிழின் குறுக்களவு 5 சென்டிமீட்டர் என்றால், மையத்திலிருந்து நம் விரல் இருக்கும் தூரம் இரண்டரைதான். நீளக் கைப்பிடியில் அது 12 சென்டிமீட்டர். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு விசை போதும், திருகவும் தேவையில்லை. கனடாவின் வான்கூவர் நகரில், புதிதாகக் கட்டும் வீடுகளில் குமிழ் கூடாது, நெம்பும் கைப்பிடியே வேண்டும் என்று 2013இல் விதி இயற்றி, 2014 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தினார்கள். முதியவர்களையும் உடற்குறை உடையவர்களையும் எண்ணிச் செய்தது அது. எண்ணெய்க் கையோடு அடுக்களையிலிருந்து வரும் பெண்களுக்கும், இடுப்பில் குழந்தையைச் சுமப்பவர்களுக்கும் சேர்த்தே அது பயன்படும்.

நீளக் கைப்பிடியிலும் பார்த்து வாங்க வேண்டியது ஒன்றுண்டு. முனை நேராக நீட்டிக்கொண்டிருந்தால் சேலையின் முந்தானையும் சட்டைக் கையும் மாட்டும். வேகமாக நடக்கும் இளையவர்க்குத் துணி கிழியும். தாயாரைப் போன்றவர்க்கு நிலை தடுமாறும். முனை கதவை நோக்கி உள்ளே மடங்கியிருக்கும் வகையே நம் வீடுகளுக்கு ஏற்றது. அழகில் அது சற்றுக் குறைவு என்று மகள் வருந்தினாள். பாட்டியின் முந்தானையை நினைத்து ஒப்புக்கொண்டாள்.

என் மனைவியின் பித்தளைக் கட்சிக்கும் நியாயம் இல்லாமலில்லை. பித்தளையிலுள்ள செம்பு, கிருமிகளைக் கொல்லும் தன்மையுடையது. 1983இல் அமெரிக்காவில் ஃபில்லிஸ் கூன் என்பவர் ஒரு மருத்துவமனையின் கதவுக் குமிழ்களை ஆராய்ந்து, பித்தளையில் கிருமி வளர்ச்சி குறைவாகவும் எஃகில் மிகுதியாகவும் இருப்பதை எழுதினார். 2020இல் கொரோனா நோய் பரவியபோது நடந்த ஆய்வொன்றிலும், அந்நோய்க் கிருமி எஃகின்மேல் மூன்று நாள் வரை உயிரோடிருந்தது, செம்பின்மேல் நான்கு மணி நேரத்தில் மறைந்தது. பித்தளையின்மேல் நிக்கல் பூசினால் இந்த நன்மை மூடப்பட்டுவிடுகிறது. ஆயினும் வெறும் பித்தளை எங்கள் கடற்காற்றில் பச்சை படரும். வாரந்தோறும் துலக்க ஆள் வேண்டும். கையைச் சோப்பிட்டுக் கழுவுவது அதைவிட எளிது என்று நான் வாதிட்டேன். மனைவி சம்மதித்தாள், முழு மனத்தோடு அல்ல.

குளியலறைக் கதவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஹோல்மன் ஹன்ட் என்ற ஆங்கில ஓவியர் 1851 முதல் 1853 வரை தீட்டிய படம் ஒன்றின் நகல் நம்மவர் வீடுகளில் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். இயேசு கையில் விளக்கோடு ஒரு கதவைத் தட்டி நிற்பார். அக்கதவின் வெளிப்புறத்தில் கைப்பிடி கிடையாது. உள்ளே இருப்பவரே திறக்க வேண்டும் என்பது கருத்து. மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆன்மாவின் கதவுக்கு அது பொருந்தும். 80 வயது கடந்தவர்கள் இருக்கும் வீட்டின் குளியலறைக் கதவுக்கு அது பொருந்தாது. எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் உள்ளே தாழிட்டுக்கொண்டு வழுக்கி விழுந்தார். உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்து நீக்க வழியில்லாமல் கதவை உடைக்கக் கால் மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அவர் பிழைத்தார், இடுப்பு எலும்பு முறிந்தது. ஆகவே குளியலறைக்கென்று, உள்ளே திருகித் தாழிட்டாலும், வெளிப்புறத் தகட்டிலுள்ள சிறு பிளவில் ஒரு காசை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும் வகையைக் கேட்டு வாங்கினோம். பழைய தாழ்ப்பாளைக் கழற்றிவிடச் சொன்னேன். அது இருக்கும்வரை புதியதை யாரும் பயன்படுத்தமாட்டார்கள்.

மாட்டும் வேலை ஒன்றரை நாள் பிடித்தது. குமிழ் இருந்த பெரிய துளையை மூடும் அகலத் தகடு உள்ளதாக வாங்காவிட்டால் மரத்தை ஒட்டுப்போட வேண்டியிருக்கும். நீளக் கைப்பிடியில் இடம், வலம் என்னும் வேறுபாடு உண்டு. எந்தக் கதவு எப்பக்கம் திறக்கிறது என்று குறித்துக்கொண்டு போவது நல்லது. பெட்டியோடு வந்த இரும்புத் திருகாணிகளைத் தச்சர் ஒதுக்கிவிட்டு எஃகுத் திருகாணிகளைப் போட்டார். கடற்காற்றில் இரும்பின் துரு, புதுத் தகட்டின்மேல் கண்ணீர்க் கோடு போல் வழியும் என்றார்.

தாயாரின் அறைக் கதவு இப்போது சாத்தியிருக்கிறது.

நிக்கல் முலாமைத் துலக்கக் கூடாது. புளியும் எலுமிச்சையும் சாம்பலும் தேய்க்கும் பொடியும் அதற்குப் பகை. உப்புப் படியாதிருக்க வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். இதை வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் இருமுறை சொன்னேன். தாயாரிடம் சொல்லத் தோன்றவில்லை. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன் குத்துவிளக்கையும் கதவுக் குமிழையும் புளி போட்டு மின்ன வைத்து வளர்ந்தவர்கள் அவர்கள். சென்ற சனிக்கிழமை, ஒரு கையில் புளி உருண்டையும் மறு கையில் தேங்காய் நாருமாகத் தம் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். "மங்கலா இருக்கே, பாரு" என்றார்கள்.